பாயசம் குடித்த மாடு

இன்று காலை கொத்தமங்கலத்தில் பாண்டியம்மாளின் சினை மாட்டைப் பார்க்கப் போனேன். வயிறு உப்பி, அசை போடாமல், எழ முடியாமல் கிடந்தது.

"நேத்து நான் வயலுக்குப் போயிருந்தேன் டாக்டரம்மா. கல்யாண வீட்டுக்காரவுக மிச்சச் சோத்தையும் பாயசத்தையும் தொட்டியில கொட்டிட்டுப் போயிருக்காக" என்று பாண்டியம்மாள் அழுதார்.

வைக்கோலும் புல்லும் தின்கிற வயிறு அது. அண்டாக் கணக்கில் சோறு உள்ளே போய்ப் புளித்தால் மாட்டின் உயிரே போய்விடும்.

மருந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது மணப்பெண்ணின் அப்பா வந்தார். யார் இதைக் கொட்டியது என்று கோபமாகக் கேட்டேன்.

"நல்ல சோறுதானே? கோமாதாவுக்குப் போட்டாப் புண்ணியம்னு நான்தான் கொட்டச் சொன்னேன். இதுக்குப் போயி இம்புட்டுக் கோவப்படுறீக!"

"பந்தியில நீங்க பாயசம் சாப்பிட்டீகளா?"

"எனக்குச் சுகர் இருக்குல்ல. தொடவே இல்லை."

"உங்க உடம்புக்கு ஆகாதுன்னு தெரியுது. மாட்டுக்கு ஆகுமான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

சாயங்காலம் மாடு எழுந்து நின்றது. வயிற்றுக் கன்று தங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது.

தாங்கள் தொடாததை அடுத்தவர் மாட்டுக்குக் கொட்டிப் புண்ணியம் சேர்ப்பவர்கள் உங்கள் ஊரிலும் உண்டா, இல்லை எங்களுக்கு மட்டும் வாய்த்த பாக்கியமா?