இருத்தி வைத்தே பார்த்த பிறஷர்

போன வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. காத்தான்குடியில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை. நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதிலிருந்து எழும்பினேன், சுவரெல்லாம் சுழல, பக்கத்தில் நின்றவர்மேல் சரிந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஊரே டொக்டராகிவிட்டது. பித்தம் என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் மாமி. கிளினிக்கில் காதுக்குள் கோளாறு என்று தலைச்சுத்துக் குளிசை தந்தார்கள். போகும்போதெல்லாம் இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் காத்திருந்து, பிறகு கதிரையில் இருத்திப் பிறஷர் பார்த்தால் எல்லாம் சரியாம். சரியென்றால் நான் ஏன் விழுகிறேன்? நான்கு மாதம் இதே கூத்து. சீ என்று போய்விட்டது.

மனைவிக்கு ஒரே பாட்டு. "விழுந்து விழுந்து எழும்புறத டொக்டர்ட்ட சொல்லுங்களன்."

நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி இறக்குவது என் தொழில். விழுந்த கதையைச் சொன்னால் இனி ஓட்டாதே என்பார்கள் என்ற பயம். "தலை கொஞ்சம் சுத்துது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கடைசித் தடவை கதிரையை விட்டு எழும்பியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குருக்கள்மடம் ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் தாதி ஒருவர் கண்டுவிட்டார். என் கிளினிக் கொப்பியைப் புரட்டினார்.

"நானா," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "எத்தின வருஷமா சீனி வருத்தம்?"

"பன்னிரண்டு."

"வாங்க, கட்டில்ல படுங்க."

படுக்கவைத்து ஒரு தடவை, எழுப்பி நிறுத்தி ஒரு தடவை பிறஷர் பார்த்தார். நின்றதும் அது கிடுகிடுவென இறங்கியது. உடனே டொக்டரைக் கூட்டிவந்தார். நாம் எழும்பும்போது, நாம் நினைக்காமலே குழாய்களை இறுக்கி இரத்தத்தைத் தலைக்கு ஏற்றுகிற நரம்புகள் உண்டாம். பல வருஷச் சீனி அவற்றைப் பழுதாக்கிவிட்டதாம். காதில் ஒரு குறையும் இல்லை.

"விழுந்திருக்கீங்களா?" என்றார் டொக்டர்.

"ஓம், ஆறேழு தரம்."

"இத ஏன் முந்தியே சொல்லல்ல?"

நீங்கள் கேட்கவில்லையே என்று வாய்வரை வந்தது. தாதி பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

குளிசையை மாற்றி, மெல்ல எழும்பப் பழக்கி, சில கிழமை ஓட்டோவை நிறுத்தச் சொன்னார்கள். இப்போது மறுபடி ஓட்டுகிறேன். இருந்துகொண்டு ஓட்டும்போது எனக்குத் தலை சுத்தாது என்கிறார்கள். ஆனால் அந்த நான்கு மாதமும் எனக்கு அது தெரியாது. தெரியாமலே ஆறு பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, என்னை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று ஊரையெல்லாம் திட்டித் திரிந்திருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.