பின்னால் கூப்பிடாதவள்

விமலாதேவி வான் வண்டியின் கதவைத் திறந்தபோது இரத்தினசிங்கம் புல்வெளியைத் தாண்டி ஏரிக்கரைப் பாதையில் ஏறிவிட்டார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஜெலிபீன்ஸ் இனிப்புப் போத்தல் இப்போது அவளுடைய கையில் இருந்தது. மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டார். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

வெளிக்கிட்டுப் போகிற மனிதரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. மெல்பேணுக்கு வந்தபிறகு விமலாதேவி எத்தனையோ பழக்கங்களைக் கைகழுவியவள். இராகுகாலத்தில் வீடு வாங்கக் கையெழுத்து வைத்தாள், செவ்வாய்க்கிழமை தலைமயிர் வெட்டிக்கொண்டாள், பூனை குறுக்கே போனால் அதற்குப் பால் வைத்தாள். இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. அதற்கு ஒரு குடைதான் காரணம்.

இரத்தினசிங்கம் மெல்பேணில் டிராம் ஓட்டியவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்காலையில் அவர் கேற்றைத் தாண்டியபிறகு, "இஞ்சேருங்கோ, குடையை விட்டிட்டுப் போறியள்" என்று அவள் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டாள். அன்று மத்தியானம் ஒரு லொறி சந்தியில் திரும்பி அவருடைய டிராமின் மூக்கில் மோதியது. காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "காலமை நீர் பின்னாலை கூப்பிடேக்கையே நினைச்சனான்." நோவில் சொன்னதோ கோபத்தில் சொன்னதோ, எலும்பு ஒட்டிவிட்டது, அந்த வார்த்தை உடைத்தது ஒட்டவில்லை.

அதன்பிறகு அவர் எதை மறந்துவிட்டுப் போனாலும் அவள் கூப்பிடுவதில்லை. காரை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவால் சுற்றிப் போய் அவருக்கு முன்னால் நிற்பாள். எதிரே வந்து கொடுத்தால் தோஷமில்லை என்பது அவளே இயற்றிய சட்டம். மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டுப் பெட்டி, ஒருநாள் பல்செட்டுகூட அப்படித்தான் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டிப்போவில் வேலைசெய்தவர்கள், இரத்தினசிங்கத்தின் மனுசி புருசனை வேவு பார்க்கிறாள் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டாள். ஏன் என்று அவருக்கும் சொன்னதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அவர் ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்கினார். அடுப்பும் கட்டிலும் கொண்ட பெரிய வான். மல்கிரேவ் வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது, மருந்தாளராக இருக்கிற மகள் தாரிணி தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், தவறினால் இரத்தத்தில் சீனி இறங்கி ஆள் நிலைதடுமாறிவிடும், பிறகு விழுந்தும் விடுவார். அதற்குத்தான் அந்த ஜெலிபீன்ஸ். "அம்மா, you must watch him" என்று தாயின் தலையில் அந்தப் பொறுப்பை ஏற்றி வைத்துத்தான் அனுப்பினாள்.

முதல் பயணம் பலரட்டுக்கு. தங்கம் தோண்டிய காலத்தில் எழும்பிய நகரம். கல்லில் கட்டிய மாளிகைகளையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் விமலாதேவி நேற்று முழுக்கப் படமெடுத்தாள். இரத்தினசிங்கத்துக்குத் தங்கமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஏரிக்கரையில் சனி ஞாயிறுகளில் ஓடும் பழைய டிராமைப் பார்க்கத்தான் அவர் வந்தார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இன்று மத்தியானம் அவர் வயிற்றில் ஊசியைப் போட்டு முடிக்கவும், மரங்களுக்கு அப்பால் டிராம் மணி கேட்கவும் சரியாக இருந்தது. சோறு இன்னும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒருக்காப் பாத்திட்டு ஓடியாறன்."

"ஊசி போட்டாச்செல்லே? சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"நீர் சோறு வடிக்க முன்னம் வந்திடுவன்."

சொன்ன வாய் மூடவில்லை, ஆள் இறங்கிவிட்டார். அதன்பிறகுதான் அவள் போத்தலைக் கண்டாள்.

இப்போதும் சுற்றிப் போய் முன்னால் நிற்கலாம்தான். ஆனால் இந்தப் பெரிய வானை அவள் ஓட்டமாட்டாள், முழங்கால் இரண்டும் ஓடவிடாது. கிட்டத்தானே, வந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். சோற்றை வடித்தாள். கறியைச் சூடாக்கினாள். அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு மூடினாள். ஆள் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தாள். கட்டிலில் தலையணைக்கு அடியில் அது அழுதது.

அழைப்பை நிறுத்தியதும் அவளுடைய தொலைபேசி அடித்தது. தாரிணி.

"அம்மா, அப்பா சாப்பிட்டிட்டாரா?"

"ஓம் பிள்ளை, சாப்பிடுறார்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தொலைபேசியை வைத்தபிறகு, மூடியிருந்த கோப்பையைப் பார்த்தாள். இனி அந்த மனிதருக்கு எது நடந்தாலும் அதற்கு அவள்தான் காரணம். ஒருமுறை கூப்பிட்டதால், இந்தமுறை கூப்பிடாததால். இரண்டு பக்கமும் இடித்தால் மத்தளம் எங்கே போகும்? அடுப்பை அணைத்து, போத்தலை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஏரியிலிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் முறைப்பாடு செய்தது. பாதையில் வருகிற ஒவ்வொரு தொப்பியும் அவராகத் தெரிந்து, கிட்ட வந்ததும் வேறு யாராகவோ மாறியது. டிராம் நிற்குமிடத்தில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், பழைய காலத்துக் கண்டக்டர் உடுப்பில், தோள்பையோடு நின்றாள். விமலாதேவி மூச்சு வாங்க விசாரித்தாள்.

"மெல்பேணில் டிராம் ஓட்டியவர்தானே?" அந்தப் பெண் முகம் மலர்ந்து சொன்னாள். "முன்னால் நின்று எங்கள் டிரைவருக்குப் பாடமே எடுத்தார். தண்டவாளத்தின் மற்ற அந்தத்தில் இறங்கிவிட்டார், நடந்து வருகிறாராம். பாவம், நன்றாக வியர்த்திருந்தது."

இந்தக் குளிர்காற்றில் வியர்வை. சீனி இறங்கும்போது அவருக்கு முதலில் நெற்றிதான் நனையும்.

விமலாதேவி அதைச் சொல்லி முடிக்குமுன் அந்தப் பெண்ணின் சிரிப்பு மறைந்தது. விமலாதேவியைக் கையைப் பிடித்து டிராமில் ஏற்றினாள், டிரைவரிடம் ஏதோ சொன்னாள். டிராம் புறப்பட்டது. மரச்சட்டங்கள் கிரீச்சிட, அது ஆறுதலாக, மிக மெதுவாக நகர்ந்தது. விமலாதேவி டிரைவரின் தோளுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். வழியோரத்தில் உட்காரப் போட்டிருந்த ஒவ்வொரு வாங்கையும் பார்த்தாள். ஒன்றில் ஒரு சோடி, ஒன்றில் நாயோடு ஒருவர், ஒன்று வெறும் வாங்கு. முருகா, எங்கேயாவது இருத்தி வை என்று கேட்டாள். முருகன் அவரை இருத்தவில்லை.

தண்டவாளம் முடியும் அந்தத்துக்குக் கிட்ட, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒருவர் முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டிருந்தார். வானுக்கு வரவேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசையில். நீலக் கம்பளிச் சட்டை. பழுப்புத் தொப்பி. டிரைவர் காலால் மணியை அடித்தார். இரத்தினசிங்கம் விலகவில்லை. மறுபடி அடித்தார். நடக்கும்போதே இரத்தினசிங்கத்தின் வலதுகால் நிலத்தை ஒருமுறை உதைத்தது. தான்தான் மணியை அடிப்பதாக நினைக்கிறார் என்று விமலாதேவிக்கு விளங்கியது. அத்தனை வருசம் அந்தக் கால் செய்த வேலை அதுதானே.

டிராம் நல்ல தூரம் விட்டே நின்றது. அவர் நிற்கவில்லை. தண்டவாளம் முடிந்தது. அவர் அதே நேரில், அதே வேகத்தில், புல்லில் இறங்கி, அப்பால் இருந்த பெருந்தெருவை நோக்கிப் போனார்.

விமலாதேவி இறங்கினாள். கால் மடங்கியது, கண்டக்டர் பெண் தாங்கிப் பிடித்தாள். தெருவில் வலப்பக்கமிருந்து ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. அவருக்கும் தெருவுக்கும் இடையில் நாலைந்து எட்டு வைக்கிற தூரம்தான். சுற்றிப் போகப் பக்கத்துத் தெரு இல்லை. அவருக்கு முன்னால் போய் நிற்க இந்தமுறை வழியே இல்லை. லொறி, குடை, காறை எலும்பு எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"இஞ்சேருங்கோ!"

ஏரிக்கரை முழுக்க அது கேட்டது. கரையோரம் மேய்ந்த கறுப்பு அன்னங்கள்கூடக் கழுத்தைத் தூக்கின. இரத்தினசிங்கம் தெரு விளிம்பில் நின்றார். ஒரு காலைத் தூக்கியபடியே நின்று, ஆறுதலாகத் திரும்பினார். அவர் பின்னால் லொறி காற்றை வாரியடித்துக்கொண்டு போனது.

அவரை டிராமின் படியில் இருத்தி, விமலாதேவி ஜெலிபீன்ஸை ஒவ்வொன்றாக வாயில் வைத்தாள். குழந்தைக்குத் தீத்துவதுபோல, மெல்லுங்கோ, மெல்லுங்கோ என்று சொல்லிச் சொல்லித் தீத்தினாள். கண்டக்டர் பெண் தன்னுடைய அப்பிள் ஜூஸைத் திறந்து கொடுத்தாள். டிரைவர் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக இரத்தினசிங்கத்தின் கண்ணில் தெளிவு வந்தது. அவளைப் பார்த்தார். டிராமைப் பார்த்தார்.

"ஆரோ என்னைப் பின்னாலை கூப்பிட்டது."

"நான்தான்."

"நீர் கூப்பிடுறேல்லையே." நெற்றியைச் சுருக்கினார். "நானும் கனகாலமா யோசிக்கிறனான். மற்றவையின்ரை மனுசிமார் வாசல்லை நிண்டு கத்துவினம். நீர் மட்டும் காரை எடுத்துக்கொண்டு திரத்தி வருவீர்."

விமலாதேவி இத்தனை வருசம் சொல்லாததைச் சொன்னாள். "அண்டைக்குக் குடைக்குக் கூப்பிட்டதாலைதான் லொறி அடிச்சதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"எந்தக் குடை?" என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியது, அவள் அதை மறைக்கவுமில்லை. அவருக்குக் காரணம் விளங்கவில்லை. மிச்சமிருந்த ஜெலிபீன்ஸில் ஒன்றை எடுத்து அவளுடைய கையில் வைத்தார்.

ஆம்புலன்சில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்து, சீனி சரியான அளவுக்கு ஏறிவிட்டது, உடனே சோறு சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விமலாதேவி தாரிணிக்குத் தொலைபேசி எடுத்து, முதலில் சொன்னது பொய் என்று சொன்னாள். மகள் ஏசியதை எல்லாம் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டாள். டிராம் திரும்பிப்போக ஆயத்தமானது. இரத்தினசிங்கம் எழும்பி, கம்பியைப் பிடித்து, வழக்கம்போல டிரைவருக்குப் பின்னால் போய் நிற்பதற்காக உள்ளே நடந்தார். படியில் அவருடைய தொப்பி கிடந்தது.

"இஞ்சேருங்கோ," என்று அவள் அவருடைய முதுகைப் பார்த்துக் கூப்பிட்டாள். "தொப்பியை விட்டிட்டுப் போறியள்."