முப்பது தாள்களில் ஒரு வேர்

எண்பதுகளின் கடைசியில் ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் துறைத்தலைவருக்குப் பழங்குடி மக்கள்மீது திடீரென்று மரியாதை பொங்கியது. காட்டு மக்களின் மருந்தறிவைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்த மறுநாள்தான் அது பொங்கியது. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். எத்தனையோ தலைமுறை அறிவை எட்டே பாடவேளையில் முடித்துவிட வேண்டுமாம்.

அதைத் தேடிப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் இருளர் குடியிருப்பில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்மணி இருந்தார். நான் படம் வரைந்து முதல் மதிப்பெண் வாங்கிய செடியையே நேரில் அடையாளம் தெரியாமல் முழித்தபோது அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாம் முறை போனபோது, மலைச்சரிவில் ஒரு வேரைக் காட்டினார். பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் நிற்காவிட்டால் அரைத்துக் கொடுப்பது. அவர்கள் வீட்டில் அதை ஆண்களுக்குக் காட்டும் வழக்கமில்லை.

"நீங்களும் பொம்பள, அதான் காட்டறேன். ஒரு பக்கத்து வேர மட்டும் எடுக்கணும்மா. இன்னொரு பக்கத்த வுட்டு மண்ண மூடிரணும். அடுத்த மழைக்குப் பொழைச்சிக்கும். பாடத்துல சொல்லுங்க, வேணாங்கல. எடத்த மட்டும் யாருக்கும் காட்டாதீங்க."

காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

துறைத்தலைவர் என் குறிப்பை மகிழ்ச்சியோடு படித்தார். "ஸ்பெசிமன் எங்கம்மா?" என்றார். வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். "வாக்க எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கிட்ட காட்ட முடியுமா? முப்பது பசங்க, முப்பது ஷீட் வேணும்." என் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. வாக்கு மட்டும் நிரந்தரமாக இருந்து என்ன செய்ய? வழி காட்டிக்கொண்டு கல்லூரிப் பேருந்தின் முன் இருக்கையில் நானே உட்கார்ந்து போனேன்.

அன்று அவர் கேழ்வரகுக் களையெடுப்புக்குப் போயிருந்தார். எனக்கு அது வசதியாகவே இருந்தது. முப்பது பேரும் ஆளுக்கொரு செடியை முழு வேரோடு பெயர்த்தார்கள். வேர் அறுந்தால் மதிப்பெண் குறையும் அல்லவா? மண்ணை யாரும் மூடவில்லை. ஒரு பக்கத்து வேரை மட்டும் எடுக்க வேண்டும் என்பதை வகுப்பில் மிக மரியாதையாகத்தான் நடத்தியிருந்தேன். தேர்வில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. முப்பது பேரும் சரியாக எழுதினார்கள்.

செடிகளை உலர்த்தி, பூச்சி அரிக்காமல் மருந்து பூசி, தாளில் ஒட்டினோம். சேகரித்தவர் என்ற இடத்தில் துறைத்தலைவர் பெயரும் என் பெயரும் இருந்தன. தகவல் தந்தவர் என்ற இடத்தில் 'ஒரு பழங்குடிப் பெண்' என்று போட்டோம். பெயர் கேட்க நேரமில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் கல்லூரிக்கே வந்துவிட்டார். வாசலில் காவலாளி நிறுத்தி வைத்திருந்தார். போய் அழைத்துவந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மகளுக்கு இது நெறமாசம்மா. போன தடவையே பொழச்சது பெரும்பாடு. சரிவுல ஒண்ணுகூட இல்ல. காலேஜ் பஸ்சு வந்துச்சுன்னாங்க. உங்ககிட்ட இருக்குமில்ல, ஒண்ணு குடுங்க, போதும்."

அலமாரியைத் திறந்தேன். முப்பது தாள்கள், ஒவ்வொன்றிலும் 'நன்று' என்று என் கையெழுத்து. அவர் வேரைப் பார்த்ததும் முகம் தெளிந்து கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"தொடாதீங்க. விஷம் பூசியிருக்கு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தேன்கனிக்கோட்டைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். சொன்னேன். என் வாழ்நாளில் அவருக்குச் சரியாகச் சொன்ன ஒரே தகவல் அது. அவர் மகள் பிழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரப் பயணம்தான், போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.