கோட்டைச் சாவியும் ஒன்பது மதிப்பெண்ணும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து போன வாரம் இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். சொத்துத் தகராறு இல்லை, கல்யாணத்துக்கு அழைக்காத மனத்தாங்கலும் இல்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் குடும்பத் தலைவர், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக வீட்டுப் பத்திரத்தை எதிராளியிடமே தூக்கிக் கொடுத்துவிட்டார். "மனுசன்னா இப்படி இருக்கணும்" என்று சித்தப்பா ஒரு செய்தி போட்டார். "லூசு" என்று அவருடைய மருமகள் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டாள். கும்பிட்ட கைகள், சிரித்த முகங்கள், எரியும் தீ என்று பொம்மைகள் பறந்தன. முதலில் சித்தப்பா வெளியேறினார். பத்து நிமிடத்தில் மருமகளும். இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். அங்கே பரிமாறுவது யார், சாப்பிடுவது யார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

இந்த வழக்கு எனக்குப் புதிதல்ல. நல்லவராக இருக்கும் தலைவர் முட்டாளாகவும் இருக்கலாமா என்ற கேள்விக்கு ஒருமுறை பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டு மாட்டிக்கொண்டவன் நான். சிவப்பு மையையும் சாரலில் நமுத்த காகிதத்தையும் சேர்த்து முகர்ந்தால் ஒரு வாசனை வரும். ஈர நாய்க்கும் புது நோட்டுக்கும் நடுவில் இருக்கும். அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் என் வலது கை தானாகப் பேனாவைத் தேடும்.

அப்போது நான் சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். தற்காலிகம். அந்தச் சொல்லை வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருப்பார்கள். பண்பொழியில் அரிசி ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவர், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தேர்வு வைத்து, முதலில் வருபவரைக் கல்லூரி வரைக்கும் படிக்கவைத்தார். நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் நாடகம் எழுதியது. எழுதியதும் ஒன்றே ஒன்றுதான். அதை அவரே அச்சிட்டு, கல்யாண வீடுகளில் தேங்காய் பழத்தோடு பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேர்வின் தமிழ்த் தாளில் அந்த நாடகத்திலிருந்து ஒரு கேள்வி கட்டாயம் உண்டு.

கதை இதுதான். "என் வாசலில் வந்து கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்" என்று மன்னன் வாக்குக் கொடுத்திருக்கிறான். பகைவன் துறவி வேடத்தில் வந்து கோட்டைச் சாவியைக் கேட்கிறான். மன்னன் கொடுத்துவிடுகிறான். கோட்டை போகிறது. வானத்திலிருந்து பூ விழுகிறது. கேள்வி: மன்னனின் பண்புநலனை விளக்குக. பத்து மதிப்பெண்.

தென்காசியில் ஒரு பள்ளியின் பெரிய அறையில் தாள் திருத்துவோம். ஆனி மாதச் சாரல் சன்னல் வழியாக உள்ளே வந்து தாள்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும். பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கருங்கல் கொடுத்திருந்தார்கள். எங்கள் தலைமைத் தேர்வாளர் ஞானதுரை சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற நாளன்று சட்டைப் பையில் கிடந்த அரைத் துண்டு சாக்பீஸைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்து ரசீது கேட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சாக்பீஸைக் கொடுத்தது பெரிதில்லை. ரசீது கேட்டாரே, அங்கேதான் அவர் நிற்கிறார்.

இரண்டாம் நாள் மதியம் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் வள்ளல், வீரன், வாய்மையாளன் என்று பக்கம் பக்கமாகப் பூ தூவியிருந்தார்கள். இதில் எட்டே வரி.

"மன்னர் நல்லவர். பொய் சொல்லாதவர். ஆனால் முட்டாளாகவும் இருக்கிறார். வாக்கு அவருடையது. சாவி அவருடையது இல்லை. உள்ளே படுத்திருக்கிற எல்லாருக்கும் அதுதான் கதவு. கேட்டவனிடம் நீ யார், எதற்கு என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் வாக்கும் கெட்டிருக்காது. பூ போட்டவர்கள் ஊருக்குள் வந்து பார்க்கவில்லை."

நான் ஒன்பது போட்டேன். பத்து போடாததற்குக் காரணம் கோழைத்தனம். இரண்டாவதாகத் திருத்திய சங்கரபாண்டியன் சார் அதே விடைக்குப் பூஜ்யம் போட்டார். வெறும் பூஜ்யம் இல்லை, இரண்டு தடவை சுற்றி அழுத்திய பூஜ்யம். கூட்டிப் பார்த்தோம். என் கணக்குப்படி அந்தப் பிள்ளைதான் முதலிடம். அவர் கணக்குப்படி பட்டியலிலேயே இல்லை.

"ராசாவ முட்டாள்னு எழுதுனவனுக்கு ஒம்போதாவே?" என்றார் சங்கரபாண்டியன் சார். "அந்த ராசா யாரு தெரியுமா? மொதலாளி தன்னையத்தான் எழுதி வச்சிருக்காரு. நீரு தற்காலிகம்ங்கிறத மறந்துட்டீரா?"

மறக்கவில்லை. ஆனாலும் ஞானதுரை சாரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார். பிறகு தாளை மேசை மேல் வைத்துக் கல்லைத் தூக்கி வைத்தார்.

சாயங்காலம் வழக்கம்போல எல்லாரும் வேனில் குற்றாலத்துக்குப் போனோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றுகொண்டு, அருவிச் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தி, நாங்கள் இலக்கிய விவாதம் செய்தோம்.

"இன்னைக்கு ராசாவ முட்டாள்ம்பான், நாளைக்கு நம்மளச் சொல்லுவான்!" என்று சங்கரபாண்டியன் சார் கத்தினார்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர் தலையை வெளியே நீட்டி, "யாரு அண்ணாச்சி முட்டாளு?" என்றார்.

"ராசா!"

"என்ன செஞ்சாரு?"

"கேட்டவனுக்குக் கோட்டைச் சாவியக் குடுத்துட்டாரு!"

"பேரு கூட கேக்காமலா? அப்போ முட்டாளுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தண்ணீருக்குள் போனார். மலையாளத்துக்காரர் ஒருவர் மட்டும் "பாவம் ராஜாவு" என்றார்.

ஞானதுரை சார் இந்தக் கூட்டத்தில் இல்லை. அங்கே வரிசை என்று ஒன்று இருப்பதாக நம்பி, துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரைத் தாண்டிப் பத்து இருபது பேர் குளித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கடைசியில் நனைந்து, பல் கிடுகிடுக்க என்னிடம் வந்தார்.

"அந்தப் பய எழுதுனது சரிதான்" என்றார். "ஆனா விடைக்குறிப்புல இல்ல."

"அப்போ விடைக்குறிப்ப மாத்துவோம் சார்."

"மாத்த மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுல்லா குடுத்திருக்கேன்."

எனக்கு ஒரு கணம் அவர் ஈரத் தலையில் கிரீடம் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொள்ள மறுபடியும் அருவிக்குள் போய் நின்றேன்.

அவர் தூங்காமல் யோசித்திருக்க வேண்டும். காலையில் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "குறிப்பு மொதலாளி குடுத்தது. மாத்தணும்னா அவருதான் மாத்தணும். நீரும் வாரும்." தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். விடைத்தாள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவரும் அவர்தான். அதை நினைவூட்டினேன். "தெரியும். திரும்பி வந்து நானே எழுதிக் குடுத்துருவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாழ்நாளில் விளையாட்டுக்கு எதையும் சொன்னதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

பண்பொழியில் இறங்கியபோது திருமலைக் கோயில் மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. முதலாளி எங்களை உட்காரவைத்து, விஷயத்தைக் கேட்டு, "வாசிங்க" என்றார். ஞானதுரை சார் எழுந்து நின்று, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிதானமாக எட்டு வரியையும் வாசித்தார். 'முட்டாளாகவும்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. நான் தரையில் சிமெண்டு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் முகம் சிவந்தது. மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் சிவந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.

அப்போது உள்வாசலில் நின்றிருந்த அவர் மனைவி பேசினார். "இதுல என்ன தப்பு? புள்ள சரியாத்தான எழுதியிருக்கு."

"நீ செத்த சும்மா இரு."

"முப்பது வருசமா சும்மாதான் இருக்கேன்" என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். "சார்வாள், எவனோ ஒருத்தன் வாசல்ல வந்து, 'அண்ணாச்சி, ஒரு நாளைக்கு லாரி வேணும்'னான். இவ்வோ யாரு எவருன்னு கேக்காம சாவிய எடுத்துக் குடுத்துட்டாவ. லாரி இன்னைக்கும் கேரளாவுல எங்கனயோ ஓடுது. ஊரு சிரிக்கும்னு உக்காந்து எழுதுனதுதான் இந்த நாடகம். லாரிய கோட்டையாக்கிட்டாவ. அந்தப் பூ போட்டாவல்லா, அது மட்டும் எங்க வீட்டுல விழல."

முதலாளி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்தே போடுங்க சார்" என்றார்.

"வாயால சொன்னாப் பத்தாது. எழுதிக் குடுங்க" என்றார் ஞானதுரை சார்.

எழுதிக் கொடுத்தார். எண்ணுக்குரிய பெயர் உறையைத் திறந்தபோதுதான், பயல் பயல் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ராயகிரியில் விவசாயி ஒருவரின் மகள் என்று தெரிந்தது. பரிசு கொடுத்த அன்று முதலாளி அவளிடம் குனிந்து, "என்னைய முட்டாள்னு எழுதுனது நீதானாட்டி?" என்று கேட்டார். அவள் பதறிப்போய், "ஐயோ, உங்கள இல்ல ஐயா, ராசாவத்தான் எழுதுனேன்" என்றாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பிள்ளை படித்து முடித்துக் காவல் துறைக்குப் போய்விட்டாள். நீ யார், எதற்கு என்று கேட்பதற்கு இப்போது அரசாங்கமே சம்பளம் தருகிறது.

ஞானதுரை சார் சொன்னபடியே செய்தார். "விடைத்தாளை விதிக்குப் புறம்பாக வெளியே கொண்டுபோனேன், ஆகவே தலைமைத் தேர்வாளராக இருக்கும் தகுதி எனக்கில்லை" என்று எழுதி, ஒரு பிரதியை எனக்கே கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். முதலாளி வீடு தேடிப் போய்க் கெஞ்சினார். தாளுக்கு இரண்டு சுற்றுப் பூஜ்யம் போட்ட சங்கரபாண்டியன் சார் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போனா அடுத்து வாரவன் எப்படி இருப்பானோ சார்" என்றார். யார் சொன்னதும் நடக்கவில்லை. தவறு செய்தவர் பதவியில் இருக்கக் கூடாது என்று மட்டும் ஞானதுரை சார் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் போன்ற ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவர் மேல் வந்த அளவு கோபமும் எனக்கு வேறு யார் மேலும் வந்ததில்லை.

அடுத்து வந்தவர் தகராறு பிடிக்காதவர். விளக்குக என்று கேட்டால்தானே விளக்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, விரிவான விடைகளை எடுத்துவிட்டார். ஒரு வரி விடை வந்தது. பிறகு ஒரு சொல். பிறகு வட்டத்தைக் கருப்பாக்கும் தாள். முதலாளியும் அவர் மனைவியும் காலமாகி, பிள்ளைகள் தேர்வை நடத்துகிறார்கள். திருத்துவதற்கு ஆசிரியர்களும் வேண்டாம், கருங்கல்லும் வேண்டாம். இயந்திரம் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது. அருவியில் நின்று மன்னனுக்காகத் தொண்டை கிழியக் கத்திய கூட்டத்தில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஞானதுரை சாரும்.

இந்த ஆண்டு தேர்வன்று ஒரு வேலையாகத் தென்காசிக்குப் போயிருந்தேன். அந்தப் பள்ளிக்கூட வாசலில் கால் தானாக நின்றது. பென்சிலும் கையுமாக ஒரு பெண் பிள்ளை வெளியே வந்தாள். நாடகத்திலிருந்து கேள்வி இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார். ஈஸிதான். ராசா வள்ளலா, வீரனா, உண்மை பேசுதவரா, இல்ல எல்லாமேவான்னு கேட்டிருந்தாவ. எல்லாமேன்னு போட்டுட்டேன்."

"கதைய வாசிச்சியாம்மா? உனக்கு அவரப் பத்தி என்ன தோணுச்சு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் முட்டாளோன்னு தோணுச்சு சார். ஆனா அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே."