மூச்சில்லாத எழுத்துகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, வடக்கனந்தலில் எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். சேலத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான் மூச்சு. மரவள்ளிக் கொல்லையில் நின்று கூப்பிட்டே ரோட்டில் போகிற பஸ்ஸை நிறுத்துவார் அவர். அந்தக் குரல் ஒரே நாளில் போய்விட்டது.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த மிஷின் குரல் பிடிக்காமல் தள்ளிவிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதவும் வராது. கையை ஆட்டுவார். "சோறு வாணாமாம்" என்பாள் அம்மா. "களைப்பா இருக்காரு" என்பேன் நான். அவருக்கும் சேர்த்து நாங்களே பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது நான் சென்னையில் மொழியியல் படித்துக்கொண்டிருந்தேன். மத்திய அமெரிக்காவில் மாயா மக்கள் பேசும் ஒரு மொழியின் ஒலிகள்தான் அந்தச் சமயத்துப் பாடம். அதில் நம் க், ட், ப் போலவே சில எழுத்துகள் உண்டு. ஆனால் நுரையீரலிலிருந்து மூச்சு வராது. தொண்டையை இறுக்கி மூடி, வாய்க்குள் அடைபட்ட காற்றை மட்டும் வெடிக்கவிட வேண்டும். ஹாஸ்டலில் நான் சொல்லிப் பார்த்தால், "ரூமுக்குள்ள கோழி பூந்துடுச்சா?" என்று கிண்டல் செய்வார்கள். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. இதற்கு மூச்சே வேண்டாமே!

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருபவரிடம் கேட்டேன். "குரல்வளை இல்லாட்டியும் நாக்கால அடைச்சுப் பண்ணலாம். வல்லினம் மட்டும் வரும். முயற்சி பண்ணுங்க" என்றார். லீவு போட்டு வந்து அப்பா எதிரே உட்கார்ந்தேன். முறைத்தார். "இன்னாடி இது, பெரிய மனுசன பல்லி மாதிரி கத்தச் சொல்லிக்கினு இருக்க" என்று அம்மா திட்டினாள். நான் விடவில்லை. முதல் 'ப்' வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்குள் கட்டி மறுபடி வந்துவிட்டது. சின்னசேலத்தில் பஸ் பிடித்து, மருந்து ஏற்றச் சேலம் போவோம். திரும்பி வந்தால் வாந்திதான். படுத்துக்கொண்டு கையை ஆட்டினால், "இன்னிக்கு முடியலயாம், நாளைக்கிப் போலாம்" என்று நாங்களே முடிவு செய்வோம்.

ஒரு காலை, பையும் கையுமாகக் கிளம்பி நின்றேன். அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை. என்னை அருகே இழுத்து, 'ப்' என்றார். பிறகு 'த்'. அப்புறம் உதடுகளை மூடிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் அதையே செய்தார். அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"போதும்ன்றாரு" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லப்பா, டாக்டர் இன்னா சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தேன். என் வாயைக் கையால் பொத்தினார். இன்னொரு முறை, இன்னும் தெளிவாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இதற்காகவா கற்றுக்கொடுத்தேன்?

வெகுநேரம் கழித்துப் பையைக் கீழே வைத்தேன். அதன்பிறகு நாங்கள் சேலம் போகவே இல்லை. கல்வராயன் மலை தெரிகிற பக்கமாகக் கட்டிலைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார், போட்டோம். மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

அப்பனுக்குப் பேச்சைக் கொடுத்த மகள் என்று ஊரில் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள்; ஆனால் அவர் பேசிய அந்த ஒரு சொல்லைத் தட்டாமல் கேட்டதுதான் எனக்குச் சாகிற வரைக்கும் ஆறுதலும் ஆறாத வலியும்.