திருப்பி வாங்க முடியாத பாட்டு

போன வாரம் ரெட்டியார்பாளையத்தில் இஸ்திரிக் கடை வாசலில் நின்றேன். கஞ்சி போட்ட வேட்டியில் பெட்டியை வைத்ததும் ஒரு வாடை எழுந்தது. மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்களே, அதே வாடை. பல வருஷம் அதைத்தான் மூச்சாக இழுத்தேன். அந்த வாடை வந்தால் பின்னாலேயே நடேசனும் வந்துவிடுவான்.

எழுபதுகளில் அவனுக்கும் எனக்கும் அடுத்தடுத்த தறி. எனக்கு நாலாவதோடு படிப்பு முடிந்தது. அவன் கவிதை எழுதுகிறவன். தறிச் சத்தத்தில் காது எதற்கும் உதவாது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அவன் கவிதையை நான் கண்ணால் கேட்டேன். பாதி புரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன்.

பிரெஞ்சுக்காரன் போனபோது இங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. பிரெஞ்சுக் குடியாகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நடேசனின் அண்ணன் போட்டார். நடேசன் போடவில்லை. அப்போது அவனுக்குச் சின்ன வயது, ரோஷம் அதிகம். தெருவில் நின்று அண்ணன் மேல் பாட்டுக் கட்டினான்.

பெட்டி கட்டும் அண்ணாத்த, பெத்த மண்ணு என்னாத்த?
சட்டை மாத்தும் அண்ணாத்த, சாதிசனம் என்னாத்த?

எதுகை, மோனை எல்லாம் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது பாருங்கள். அதுதான் வம்பாகப் போயிற்று. அண்ணன் கப்பலேறப் புறப்பட்ட அன்று பிள்ளைகள் ரிக்‌ஷா பின்னால் பாடிக்கொண்டே ஓடினார்களாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போனவர் கடிதமும் போடவில்லை.

நான் மில்லில் சேர்ந்தபோது அந்தப் பாட்டின் அர்த்தம் ஊருக்கு மறந்துபோயிருந்தது. பாட்டு மட்டும் போகவில்லை. பெண்பிள்ளைகள் கயிறு தாண்ட அதைத்தான் பாடுவார்கள். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது கயிற்றுச் சத்தம் கேட்டால் நடேசன் வேறு தெருவில் திரும்பிவிடுவான். அந்தத் தெருவிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது நோட்டை நீட்டினான். அண்ணனுக்கு அனுப்பப்போகிற கவிதை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடல் அழுதது, நிலா தேய்ந்தது.

"இன்னாபா, கடலு இன்னா தப்பு பண்ணுச்சு? பண்ணது நீ."

"வந்துட்டாரு நாலாங்கிளாஸு பண்டிதரு" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

மறுநாள் தறியில் அவன் உதடு அசைந்தது. கடலும் நிலாவும் போயிருந்தன. எதுகை இல்லை. அண்ணே, நான்தான். அண்ணே, அந்த ரிக்‌ஷா. அண்ணே, என் வாய். ஒவ்வொரு வரியும் அங்கங்கே அறுந்து நின்றது.

"எதுக்குபா சும்மா சும்மா அண்ணே?" என்று கேட்டேன்.

"வெளிய நிக்கறவன் கதவ ஒருக்கா தட்டிட்டுப் பூடுவான். உள்ள மாட்டிக்கினவன் தட்டிக்கினே இருப்பான்."

என் தறியில் நூல் அறுந்ததை நான் பார்க்கவில்லை. மேஸ்திரி வந்து திட்டினார்.

எப்படியோ விலாசம் பிடித்து அதையே அண்ணனுக்கு அனுப்பினான். ஒரு மழைக்காலம் கழித்துப் பதில் வந்தது. மில் வாசலில் வைத்து நடேசன் காட்டினான். ஐந்தே வரி. "தம்பி, உன் கடிதாசு கிடைத்தது. என் மகளுக்குத் தமிழ் வராது. தெரிந்தது ஒரே பாட்டு, நான் சொல்லிக்கொடுத்தது. உன் பாட்டுத்தான். கயிறு தாண்டும்போது பாடுவாள்."

"நல்லதுதானபா?" என்றேன்.

"தெரியலபா. மன்னிச்சிட்டாரா, திருப்பி அடிக்கிறாரா, தெரியல" என்றான். அப்புறம் சிரித்தான். "அங்கயும் பாடிக்கினு இருக்குது, பாரேன்."

சங்கு ஊதியது. உள்ளே போனோம். கதவைச் சாத்தினார்கள்.

நடேசன் செத்துப்போனான். மில்லும் மூடிவிட்டார்கள். தெருவில் கயிறு தாண்டுகிற பிள்ளைகளைக் காணோம், அந்தப் பாட்டு தெரிந்தவர்களும் இல்லை. இப்போது அவன் எந்தத் தெரு வழியாகவும் வீட்டுக்குப் போகலாம்.