அக்காவின் பெயருக்கு வெட்டிய பால்

என் அக்கா தற்கொலை செய்துகொண்டாள் என்று எழுதிய தாள் ஒரே ஒரு பக்கம்தான். அதை மாற்றுவதற்கு இரண்டு வருடங்களுக்கு மேலாக அலைந்துகொண்டிருக்கிறேன். அது அப்படி எழுதப்பட்டதற்கு நானும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எங்களுடையது எஹலியகொடைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டம். அக்காவும் நானும் பால் வெட்டுகிறவர்கள். அவளுடைய மரங்கள் முடிகிற இடத்தில் என்னுடையவை தொடங்கும். வெளிச்சம் வரும்போதே கத்தியோடு போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையை வைத்து, பிறகு பாலைச் சேர்த்து, பதினொரு மணிக்குள் ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் செக்ரோலில், அதாவது வருகைப் புத்தகத்தில், அன்றைக்குப் பெயர் விழும். ஒருத்திக்குக் காய்ச்சல், பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் பக்கத்து மரக்காரி அவளுடைய மரங்களிலும் முடிந்ததை வெட்டி, அவள் பெயருக்குப் பாலைக் கொடுத்துவிடுவாள். கங்காணி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொள்வார். இன்றைக்கு அவளுக்கு நான், நாளைக்கு எனக்கு அவள். இதைக் களவு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

அன்று காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் அக்காவைக் கூப்பிடப் போனேன். எங்கள் லயத்தில், தோட்ட வீடுகளின் அந்த வரிசையில், கடைசிக் காம்பரா அவளுடையது. கதவைத் தட்டினேன். அவள் புருஷன்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"அவளுக்கு மேலுக்கு முடியல. படுத்திருக்கா. நீ போ."

"காய்ச்சலா மாமா? வந்து பாக்கட்டா?"

"இப்பதான் தூங்குறா. எழுப்பாத."

முந்தின நாள் பின்னேரம் அவர்கள் சண்டை போட்டது லயத்துக்கே கேட்டிருந்தது. அது ஒன்றும் புதிதில்லை. அடுத்த நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்கு வருவாள், நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். அன்றைக்கு வானம் வேறு இருட்டிக்கொண்டு நின்றது. மழை விழுந்தால் பால் வீண். "நீ படு அக்கா, ஒன் மரத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று கதவைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடினேன்.

என் மரங்களை வெட்டிவிட்டு, அவளுடையதில் பாதியை ஓட்டமும் நடையுமாக வெட்டினேன். என் பாலில் கொஞ்சத்தையும் அவள் வாளியில் ஊற்றினேன். ஸ்டோரில் "இது அக்காவோடது" என்றேன். கங்காணி எழுதினார். அவளுக்கு ஒரு நாள் மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மணிக்கு அக்காவின் புருஷன் அலறினான். டவுனுக்குப் போய் வந்து பார்த்தால் இப்படிக் கிடக்கிறாள் என்று பக்கத்தில் கிடந்த பூச்சிமருந்துப் போத்தலைக் காட்டினான். பொலிஸ் வந்தது. ஸ்டோருக்கும் போனார்கள். கங்காணி பயந்துபோய், பெயர் மாற்றி எழுதியதைச் சொல்லாமல், புத்தகத்தைத் திறந்து காட்டிவிட்டார். பதினொரு மணிக்குப் பால் கொடுத்திருக்கிறாள் என்று பேச்சு லயத்துக்கு வந்ததும் புருஷன் அதைப் பிடித்துக்கொண்டான். காய்ச்சல் பேச்சு அவன் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவே இல்லை. காலையில் நல்லாத்தான் வேலைக்குப் போனாள், வந்து என்ன நினைத்தாளோ தெரியவில்லை என்று அழுதான். நான் வாயைத் திறக்கப் போனேன். கங்காணி என்னைப் பார்த்தார். நான் மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. அம்மாவுக்குச் சந்தையில் பேசுகிற சிங்களம் தெரியும். அதிகாரிகள் பேசுகிற சிங்களம் பிடிபடாது. அதனால் நான்தான் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சொன்னேன். மகளின் கழுத்தில் தடம் இருக்கிறது, முந்தின நாள் ராத்திரியே அடித்துக் கொன்றுவிட்டான் என்றாள் அம்மா. விசாரணை அதிகாரி பொலிஸ் கொண்டுவந்த செக்ரோல் பிரதியை மேசையில் தட்டி, "மேக்கே தியெனவனே" என்றார், இதில் இருக்கிறதே என்று. பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

"ராத்திரியே செத்தவ, காலையில எந்திரிச்சுப் போயி பால் வெட்டினாளான்னு கேக்குறாங்கம்மா."

நான் செய்தது அம்மாவுக்குத் தெரியாது. தானே பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் முகம் குழம்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தற்கொலை என்று எழுதினார்கள். உடலைத் தந்தார்கள். புதைத்தோம்.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவேன், வாசலிலிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த அன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கதவு உள்ளுக்குப் பூட்டியிருந்துச்சா?"

"தெரியலம்மா. நான் தள்ளிப் பாக்கல."

அம்மா எழுந்து அக்காவின் அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள். பிறகு, "நாளைக்கு வக்கீலப் பாக்கப் போறோம்" என்றாள்.

டவுனில் ஒரு முஸ்லிம் அம்மா, சட்டத்தரணி. முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை வைத்தார்.

"தங்கச்சி, இத நீங்க கோர்ட்ல சொல்லத்தான் வேணும். வேற வழி இல்ல. ஆனா ஒங்களுக்கும் வேல போகும், அந்தக் கங்காணிக்கும் போகும். யோசிச்சிட்டு வாங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம். ஆனால் கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றபோது வாய் வரவில்லை. என் அப்பா செத்தபோது குழி வெட்ட ஆள் சேர்த்தவர் அவர்.

"எனக்கு வேல முடிய இன்னும் ரெண்டு வருசந்தான் பாப்பா இருக்கு" என்றார். "இந்தத் தோட்டத்துல பேரு மாத்திப் போடாத கங்காணி யாரு? ஒன் அக்கா நல்லா இருக்கட்டும்னுதானே எழுதினேன்."

"அதே பேருதான் ஐயா இப்ப அவனக் காப்பாத்துது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில், "நீ சொல்லு. கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேன். நானா வந்து சொல்லவும் மாட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன கேட்பது?

சட்டத்தரணி அம்மா மனுப் போட்டார். நீதிமன்றத்தில் நடந்ததைச் சிங்களத்திலேயே சொன்னேன். அக்காவின் புருஷனுக்காக வந்த வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். அன்றைக்குப் பொய்யாகப் பெயர் எழுத வைத்தவள் இன்றைக்குச் சொல்வது மட்டும் உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். சரி, அக்காவுக்குச் சுகமில்லை என்று தெரிந்தும் கதவுக்கு வெளியே நின்றீர்களே, ஏன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை? அப்போது அவர் உயிரோடு இருந்திருந்தால்?

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு என்று தோட்டத்தில் ஒரு பேச்சு. அதற்கு மட்டும் இல்லை. மழை வரப் பார்த்தது என்று நீதவானிடம் சொல்ல முடியுமா?

கங்காணி, கேட்டபோது, இல்லை என்று சொல்லவில்லை. நீதவான் பழைய முடிவை ஏற்காமல், பிரேத பரிசோதனைக் குறிப்புகளையும் படங்களையும் விசேட வைத்தியர்களுக்கு அனுப்பச் சொன்னார். தோட்டம் என்னையும் கங்காணியையும் வேலையிலிருந்து நிறுத்தியது. அத்தோடு விடவில்லை, பால் கொடுக்க வருகிறவள் தானே வந்து விரல் பதிக்க வேண்டும் என்று ஸ்டோரில் ஒரு மெஷினையும் மாட்டியது. இப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த நாள் போனதுதான். பீலியடியில் ஒருத்தி என் காதில் விழவே, "செத்தவளுக்கு ஞாயம் கேட்டு இருக்கிறவங்க வயித்துல அடிச்சுட்டாளுக" என்றாள். "ஒன் அக்கா செத்திருந்தா நீ என்ன செய்வ?" என்று குடத்தை எறியாத குறையாகக் கத்தினேன். வீட்டுக்கு வந்த பிறகு, அவள் சொன்னதிலும் பிழையில்லை என்று பட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் பீலியடிப் பேச்சு என்னைத் தின்னவில்லை. அந்த வக்கீலின் கேள்விதான் தின்றது. டவுனில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தைக்கும்போது கணக்குப் போடுவேன். ஐந்தரைக்கு அவள் மூச்சு இருந்ததா? என் குரல் கேட்டதா? நான் பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிய என் காலடிச் சத்தம் கேட்டதா? ஒரே தையலை மூன்று முறை பிரித்த நாட்கள் உண்டு. வழக்கில் தோற்றால்கூடத் தாங்குவேன், இதைத் தாங்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் சட்டத்தரணி அம்மாவின் அழைப்பு வந்தது. கடைக்கு வெளியே ஓடிப்போய் எடுத்தேன்.

"தங்கச்சி, டாக்டர்மார்ட அறிக்கை வந்துட்டு. கழுத்த நெரிச்சதால வந்த மரணம்னு எழுதியிருக்காங்க. தற்கொலைங்கிற முடிவு இனி நிக்காது."

"எப்பன்னு போட்டிருக்காங்களா மிஸ்?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நேரம் ஒடம்பு முழுசா வெறச்சிருந்திருக்கு. மொத டாக்டரே குறிச்சு வச்சிருக்காரு, யாரும் கவனிக்கல. நடுச்சாமத்துக்கு முந்தியே முடிஞ்சிட்டு. நீங்க போய்த் தட்டின நேரம் அவங்க இல்ல."

சுற்றிலும் பஸ் சத்தம். அக்காவை ஒருவன் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்று என் காதில் இப்போதுதான் சொல்லியிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, வாய்விட்டு, "அப்பாடா" என்றேன்.